ஏட்டில் இல்லாத ஊர்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேசப்போவது பாலைவனத்தைப் பற்றி. இராஜஸ்தானத்தின் மேற்குக் கோடியில், பாகிஸ்தான் எல்லையை ஒட்டிக் கிடக்கும் தார்ப் பாலைவனத்தைப் பற்றி. "நமக்கும் பாலைவனத்துக்கும் என்ன சம்பந்தம்? நம் தெருவுக்குத் தண்ணீர் லாரி ஒழுங்காக வருவதற்கு வழி சொன்னால் உபயோகமாக இருக்குமே" என்று சிலர் நினைக்கக்கூடும். சம்பந்தம் இருக்கிறது, தோழர்களே. இரண்டு வகையில் இருக்கிறது.

முதலாவது, ஐ.டி.ஐ. படித்த நம் பிள்ளைகள், வெல்டர், பிட்டர், எலக்ட்ரீசியன் வேலை தெரிந்தவர்கள், இப்போது அந்தப் பக்கத்துச் சூரிய மின் நிலையங்களின் கட்டுமான வேலைக்கு ஒப்பந்தக்காரர்களால் அழைக்கப்படுகிறார்கள். போவதா வேண்டாமா என்று நம்மிடம் வந்து கேட்கிறார்கள். போகும் இடம் எது, அது யாருடைய இடம் என்று தெரியாமல் பதில் சொல்வது சரியல்ல. இரண்டாவது, அந்த மண்ணின் மக்களுக்கு நேர்ந்திருப்பதும் நகரங்களில் குடிசை போட்டு வாழும் நமக்கு நேர்வதும் ஒரே கதை. நிலம்தான் வேறு; கதை ஒன்று.

மனிதர் இல்லாத இடமா?

ஜெய்சல்மேர் மாவட்டத்தின் பரப்பு 38,401 சதுர கிலோமீட்டர். கேரள மாநிலம் முழுவதையும் எடுத்து அதற்குள் வைத்தால் ஏறக்குறைய சரியாகப் பொருந்தும். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் 3 கோடியே 34 லட்சம் மக்கள். ஜெய்சல்மேரில் 6 லட்சத்து 70 ஆயிரம் பேர். சதுர கிலோமீட்டருக்கு 17 பேர். ஆண்டு மழை சராசரியாக 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. சென்னையில் ஐப்பசி கார்த்திகையில் ஓரிரு நாளில் கொட்டும் மழை அங்கே ஓராண்டுக்கு.

இந்தக் கணக்கைப் பார்த்தவுடன் தில்லியிலோ ஜெய்ப்பூரிலோ உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு முடிவு தோன்றிவிடுகிறது: "அங்கே ஒன்றுமில்லை, வெறும் மணல், எதை வேண்டுமானாலும் அங்கே கொண்டுபோய் வைக்கலாம்." 1974-ஆம் ஆண்டு மே 18-இலும், மறுபடி 1998-ஆம் ஆண்டு மே 11, 13 தேதிகளிலும் அணுகுண்டு வெடித்துப் பார்க்கப் பொக்ரானைத் தேர்ந்தெடுத்ததும் இந்தக் கணக்கை வைத்துத்தான். ஆனால் அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே கேதோலாய் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே வீடுகள் இருக்கின்றன. வெடியில் சுவர்கள் விரிசல் விட்டதாக அந்த ஊரார் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். குண்டின் பெயர் பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஏறியது. ஊரின் பெயர் ஏறவில்லை.

அந்த மணலில் யார் யார் வாழ்கிறார்கள் என்று பாருங்கள். இராஜபுத்திரர்கள், ஜாட்டுகள், பீல் பழங்குடியினர், தாழ்த்தப்பட்ட மேக்வால் மக்கள், ஒட்டகம் மேய்க்கும் ராய்க்காக்கள், ஆடு மாடு மேய்க்கும் சிந்தி முஸ்லிம்கள், மரத்தையும் மானையும் தெய்வமாகப் போற்றும் பிஷ்ணோய்கள், சமணர்கள். பேசும் மொழி ஓர் ஊரில் மார்வாடி, ஓர் ஊரில் தாட்கி, ஓர் ஊரில் சிந்தி. மாங்கணியார் என்று ஓர் இசைக் குடியினர் இருக்கிறார்கள். அவர்கள் முஸ்லிம்கள். தலைமுறை தலைமுறையாக அவர்களை ஆதரித்து வந்தவர்கள் பெரும்பாலும் இந்துக் குடும்பங்கள். அந்த வீடுகளில் குழந்தை பிறந்தாலும் கலியாணம் நடந்தாலும் மாங்கணியார் வந்து பாடினால்தான் அது நிறைவு. அவர்களில் ஒருவரான சாக்கர் கான், கமாய்ச்சா என்னும் நரம்புக் கருவியை வாசித்தவர், 2012-இல் பத்மஸ்ரீ பெற்றார். மதத்தின் பெயரால் தெருவுக்குத் தெரு பகை மூட்டப்படும் இந்தக் காலத்தில் அந்த ஏற்பாட்டை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே சாதிக் கொடுமை இல்லை என்று சொல்ல வரவில்லை; நிறைய இருக்கிறது. மேக்வாலும் பீலும் பட்ட பாடு, நம் ஊர்ச் சேரியில் பட்ட பாட்டுக்குக் குறைந்ததல்ல. ஆனால், "மனிதர் இல்லாத இடம்" என்பது மட்டும் பச்சைப் பொய்.

நம் தமிழ் மரபிலேயே இதற்கு ஒரு தெளிவு உண்டு. பாலை என்பதைத் தனி நிலமாக நம் முன்னோர் கொள்ளவில்லை. காடும் மலையும் வெம்மையால் வளம் குன்றித் திரிந்தால் அதுவே பாலை என்று சிலப்பதிகாரம் கொண்டது. பாலை ஒரு நிலைமை. அந்த நிலைமையைத் தாங்கி வாழவும் மனிதன் கற்றுக்கொள்கிறான். அதை மேலும் கெடுக்கவும் மனிதனால் முடிகிறது. தார்ப் பாலைவனத்தில் இரண்டும் நடந்திருக்கிறது.

தண்ணீருக்கு மூன்று பெயர்

அந்த மக்கள் தண்ணீரை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். மேலிருந்து விழும் மழைநீர் பாலர் பாணி. ஆழத்தில் கிடக்கும் நிலத்தடி நீர் பாதாள் பாணி. அது பெரும்பாலும் உப்பு. இரண்டுக்கும் நடுவில் மணலுக்குள் ஈரமாகத் தங்கியிருப்பது ரேஜாணி பாணி. இந்த மூன்றாவதுதான் அதிசயம். சில இடங்களில் மணலுக்கு அடியில் ஜிப்சமும் களியும் சேர்ந்த கெட்டியான ஓர் அடுக்கு ஓடுகிறது. மழைநீர் அந்த அடுக்கைத் தாண்டிக் கீழே உள்ள உப்பு நீரோடு கலக்காமல் மணலிலேயே தங்கிவிடும். அங்கே மிகக் குறுகலான கிணறு தோண்டினால் மணலில் உள்ள ஈரம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து சேரும். ஒரு நாளைக்குச் சில குடம். ஆனால் நல்ல தண்ணீர்.

அந்தக் கிணற்றைத் தோண்டுபவர்களைச் சேஜாரோ என்று அழைக்கிறார்கள். உள்ளே ஒருவர்தான் இறங்க முடியும். வெக்கையில் மூச்சு முட்டும். மேலே நிற்பவர்கள் கைப்பிடி கைப்பிடியாக மணலை உள்ளே வீசுவார்கள். மணலோடு மேல் காற்றும் கீழே இறங்கும். உள்ளே இருப்பவர் தலையில் உலோகப் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டு தோண்டுவார். எந்தக் கல்லூரியும் கற்றுக் கொடுக்காத பொறியியல், தோழர்களே.

அதைவிட முக்கியம் அந்தக் கிணற்றின் சட்டம். கிணறு ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். ஆனால் அது தோண்டப்படும் நிலம் ஊருக்குப் பொது. அந்த நிலத்தில் பெய்யும் மழைதான் எல்லாக் கிணறுகளுக்கும் ஈரம். புதிதாக ஒரு கிணறு தோண்டினால் பழைய கிணறுகளின் பங்கு குறையும். ஆகவே ஊர் கூடி ஒப்புக்கொண்டால்தான் புதுக் கிணறு. சொந்தமும் பொதுவும் எங்கே பிரிகின்றன என்பதை எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் இவ்வளவு நுட்பமாக வகுத்து வைத்திருந்தார்கள். இதையெல்லாம் அனுபம் மிஸ்ரா என்பவர் ஊர் ஊராகப் போய்ப் பார்த்து 1995-இல் இந்தியில் ஒரு புத்தகமாக எழுதினார்.

இதுபோலவே டாங்கா என்னும் சுண்ணாம்புத் தொட்டி. வீட்டு முற்றத்தையோ சுற்று நிலத்தையோ பெருக்கிச் சுத்தமாக வைத்து, அதில் விழும் மழையை நிலத்துக்குள் கட்டிய தொட்டியில் சேர்ப்பார்கள். 2005-ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டத்தின் கீழ் பார்மேர் மாவட்டத்தில் இந்த டாங்காக்கள் ஏராளமாகக் கட்டப்பட்டன. தலையில் குடம் சுமந்து மைல் கணக்கில் நடந்த பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை இங்குள்ள தாய்மார்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. லாரிக்காக விடியற்காலை மூன்று மணிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் நீங்கள்.

வாய்க்கால் வந்தது

சுதந்திரத்துக்குப் பின் பெரிய கனவு ஒன்று கண்டார்கள். பஞ்சாபில் சட்லெஜும் பியாசும் கூடும் ஹரிகே என்னும் இடத்திலிருந்து தண்ணீரைத் திருப்பிப் பாலைவனத்துக்குக் கொண்டுவருவது. பொறியாளர் கன்வர் சேன் திட்டம் வகுத்தார். 1958-இல் வேலை தொடங்கியது. அப்போது அதன் பெயர் இராஜஸ்தான் கால்வாய். 1984-இல் இந்திரா காந்தி மறைந்தபின் அவர் பெயர் சூட்டப்பட்டது. பாலைவனத்துக்குத் தண்ணீரைக் கொண்டுசேர்க்கும் ஊட்டுக் கால்வாய் 204 கிலோமீட்டர், அதன்பின் பிரதான கால்வாய் 445 கிலோமீட்டர். ஆக 649 கிலோமீட்டர். மனிதத் தலையும் கழுதை முதுகும் ஒட்டக முதுகும் சுமந்த மண் அது. 1987-இன் தொடக்கத்தில் கடைக்கோடியான மோகன்கட்டுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது.

இதை நாம் சிறுமைப்படுத்தக் கூடாது. தண்ணீரைக் கண்ணால் காணாத ஊர்களில் கோதுமையும் பருத்தியும் நிலக்கடலையும் விளைந்தன. பெரிய ஊர்களுக்குக் குடிநீர் கிடைத்தது. 1899-1900-இல் வந்த கொடும் பஞ்சத்தை, விக்கிரம ஆண்டு 1956 என்பதால் "சப்பனியா" பஞ்சம் என்று, இன்றும் அங்கே அச்சத்தோடு சொல்கிறார்கள். அந்த நிலைக்கு மறுபடி போக எவரும் விரும்பமாட்டார்கள். நாங்களும் அப்படிச் சொல்லவில்லை.

ஆனால் மூன்று கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது.

முதல் கேள்வி: மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யார் கேட்டார்கள்? நாம் முன்பு சொன்ன அந்தக் கெட்டியான அடுக்கு, சொட்டுச் சொட்டாக வரும் மழையைக் காப்பாற்றிக் கொடுத்த அதே அடுக்கு, கால்வாய்த் தண்ணீர் வெள்ளமாகப் பாய்ந்தபோது அதைக் கீழே இறங்கவிடாமல் தடுத்தது. தண்ணீர் மேலே தேங்கியது. உப்பையும் மேலே கொண்டுவந்தது. "சேம்" என்று அதை அங்கே சொல்கிறார்கள். நல்ல நிலம் சதுப்பாகவும் உவராகவும் ஆகி வீடுகளே விழுந்த ஊர்கள் உண்டு. 2006 ஆகஸ்டில் பார்மேரில் பெருமழை கொட்டிக் கவாஸ் முதலிய ஊர்கள் மூழ்கியபோதும் இதே அடுக்கால்தான் தண்ணீர் மாதக் கணக்கில் வடியாமல் நின்றது. கிணறு தோண்டும் சேஜாரோவுக்கு இந்த அடுக்கு எங்கே ஓடுகிறது என்று தெரியும். அவரை யாரும் கூட்டத்துக்கு அழைக்கவில்லை.

இரண்டாம் கேள்வி: நிலம் யாருக்குப் போயிற்று? கால்வாய் நிலம் 25 பீகா கொண்ட துண்டுகளாகப் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டது. நிலமற்றோருக்கும் கொடுத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் மணல்மேட்டைச் சமன் செய்யவும் விதை வாங்கவும் காசு இல்லாதவர் எத்தனை நாள் அதைக் கையில் வைத்திருக்க முடியும்? விற்றார்கள், குத்தகைக்கு விட்டார்கள், தங்கள் நிலத்திலேயே கூலியானார்கள். மேய்ச்சல்காரர்களுக்கோ மேய்ச்சல் தரையே போயிற்று. அவர்கள் கைக்குப் பத்திரம் எதுவும் வரவில்லை. ஏனெனில் மேய்ச்சல் நிலத்துக்கு அவர்களிடம் பத்திரம் எதுவும் இருந்ததில்லை.

மூன்றாம் கேள்வி: அந்தத் தண்ணீருக்கு விலை கொடுத்தவர் யார்? பியாஸ் நதியில் பாங் அணை கட்டியபோது இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கிளப்பப்பட்டன. பாலைவனத்தில் கால்வாய் நிலம் தருவதாக அவர்களுக்கு வாக்களித்தார்கள். மலையில் பிறந்தவர்களை மணலுக்கு அனுப்பினார்கள். வந்தவர்களில் பலர் தங்கள் பெயருக்கு ஒதுக்கிய நிலத்தில் வேறு ஆட்கள் உட்கார்ந்திருப்பதைக் கண்டார்கள். அணை முடிந்தது 1974-இல். வழக்குகள் முடியப் பத்தாண்டு பத்தாண்டாகப் போயிற்று. கால்வாய் ஓரத்து விவசாயிகளுக்கும் நிம்மதியில்லை. 2004-இல் கர்சானா, ராவ்லா பகுதிகளில் பங்குத் தண்ணீர் கேட்டு எழுந்த போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின.

எல்லைக்கோடும் இருப்புப்பாதையும்

இரயில்வேயில் எழுத்தர் வேலை பார்க்கும் எங்களைப் போன்றோருக்கு அந்தப் பக்கம் என்றால் ஒரு பெயர் உடனே நினைவுக்கு வரும்: கட்ரா ரோடு. ஜோத்பூரிலிருந்து பார்மேர் வழியாகச் சிந்து ஐதராபாத்துக்குப் போன பழைய மீட்டர் கேஜ் பாதையில் உள்ள நிலையம். 1947-இல் கோடு கிழித்தபோது கட்ரா என்னும் ஊர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய நிலையம் இந்தியாவில் நின்றுவிட்டது. 1965 செப்டம்பர் யுத்தத்தில் படைக்குப் பொருள் கொண்டுசெல்லும் இந்தப் பாதையைக் காக்கும் வேலையில் 17 இரயில்வே தொழிலாளர்கள் குண்டுவீச்சில் உயிர் கொடுத்தார்கள். ஆண்டுதோறும் செப்டம்பர் 9-ஆம் தேதி இரயில்வே தொழிலாளர்கள் அங்கே கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். துப்பாக்கி ஏந்திய வீரனுக்கு நாடு சிலை வைக்கிறது. தண்டவாளத்தைச் சரிசெய்தவனுக்குத் தொழிலாளிதான் நினைவுக்கல் வைக்கிறான்.

அந்த யுத்தத்தோடு எல்லை தாண்டும் இரயில் நின்றது. 41 ஆண்டுக்குப் பின் 2006 பிப்ரவரி 18-இல் தார் எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் மறுபடி ஓடியது. 2019 ஆகஸ்டில் மீண்டும் நின்றது. இது வெறும் வண்டிக் கணக்கு அல்ல. சிந்துப் பக்கத்துச் சோடா இராஜபுத்திரர்கள் தங்கள் குலத்துக்குள் மணம் முடிப்பதில்லை. பெண் எடுப்பதும் கொடுப்பதும் இந்தப் பக்கத்து இராத்தோர், பாட்டிக் குடும்பங்களில். இரயில் நின்றால் தாய்வீட்டுக்கு வழி நின்றது என்று பொருள். இரண்டு இரவு இரயிலில் உட்கார்ந்து ஊர்த் திருவிழாவுக்குப் போய் வரும் நமக்கு அந்த வேதனை புரியாமல் போகாது.

யுத்தங்களின்போதும் அதற்குப் பின்னும் சிந்துவின் தார்பார்க்கர் பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் இந்தப் பக்கம் வந்தார்கள். அண்மைப் பத்தாண்டுகளில் வந்தவர்களில் பெரும்பாலோர் பீல்களும் மேக்வால்களும். அங்கே பண்ணையடிமையாக இருந்தவர்கள். ஜோத்பூரின் ஓரத்தில் குடிசை போட்டுக் கல்குவாரியிலும் வயலிலும் கூலி செய்து, குடியுரிமைத் தாளுக்காக ஆண்டுக் கணக்கில் காத்திருப்பவர்கள். மதத்தைக் காட்டி அவர்களுக்காகக் கண்ணீர் வடிக்கும் அரசியல்வாதிகள் அநேகர். 2019-இல் சட்டம் திருத்தினார்கள். 2024 மார்ச்சில்தான் விதிகள் வந்தன. இதற்கு நடுவில் 2023 மே மாதம் ஜெய்சல்மேர் அருகே அமர் சாகரில் அப்படி வந்த குடும்பங்களின் வீடுகளை, "ஆக்கிரமிப்பு" என்று சொல்லி, அந்த வெயிலில் இயந்திரம் வைத்து இடித்துத் தள்ளினார்கள். பெரும் கண்டனத்துக்குப் பிறகே மாற்று இடத்தைப் பற்றிப் பேச்சு வந்தது.

எண்ணெயும் வெயிலும்

2004-இல் பார்மேரில் மங்களா எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. 2009 ஆகஸ்டில் எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். அந்த எண்ணெய் மெழுகு போன்றது; சாதாரண வெப்பத்திலேயே உறைந்துவிடும். ஆகவே குஜராத் கடற்கரை வரை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் குழாய் போட்டு, வழிநெடுகச் சூடு காட்டி அனுப்புகிறார்கள். எண்ணெய் உறையாமலிருக்க இவ்வளவு ஏற்பாடு செய்ய முடிந்த நாட்டில், அதே மாவட்டத்துப் பெண்ணின் தலையிலிருந்து குடத்தை இறக்க எத்தனை காலம் பிடித்தது என்று எண்ணிப் பாருங்கள். அங்கேயே சுத்திகரிப்பு ஆலை வேண்டும் என்று மக்கள் கேட்டார்கள். பச்பத்ராவில் 2013-இல் ஓர் அடிக்கல் நாட்டப்பட்டது, ஆட்சி மாறியது, 2018-இல் இன்னொரு தொடக்க விழா நடந்தது.

எண்ணெய்க்குப் பின் வெயில். பாத்லா என்னுமிடத்தில் ஏறக்குறைய 14,000 ஏக்கரில் 2,245 மெகாவாட் சூரிய மின் பூங்கா அமைந்தது. நம் இராமநாதபுரத்துக் கமுதியில் 2016-இல் அமைந்ததே 648 மெகாவாட். அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். நிலக்கரிப் புகையில்லாத மின்சாரம் நாட்டுக்குத் தேவை. அதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் கட்டும்போது ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும். கட்டி முடித்தால் காவல் காக்கவும் தகட்டில் படிந்த தூசியைக் கழுவவும் சிலபேர் போதும். மேய்ச்சலோ தலைமுறைக்கும் சோறு போடுவது. 2012-இல் இராஜஸ்தானத்தில் 3 லட்சத்து 26 ஆயிரம் ஒட்டகங்கள் இருந்தன. 2019 கணக்கெடுப்பில் 2 லட்சத்து 13 ஆயிரம். 2014-இல் ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்துப் பெருமைப்படுத்தினார்கள், 2015-இல் வெளி மாநிலத்துக்குக் கொண்டுபோகவும் சட்டம் தடை போட்டது, சந்தை விழுந்தது. பெருமை ஒட்டகத்துக்கு வந்தது, புல்லும் விலையும் போயின.

ஓரண்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். அந்தப் பகுதியில் ஊருக்கு ஊர் ஓரண் என்று ஒன்று உண்டு. நம் பக்கத்துக் கோயில்காடு, ஐயனார் தோப்பு மாதிரி. தெய்வத்தின் பெயரால் விடப்பட்ட பொது நிலம். அங்கே மரம் வெட்டக் கூடாது. ஆடு மாடு ஒட்டகம் மேயலாம். குளத்தில் தண்ணீர் குடிக்கலாம். அங்கே நிற்கும் கேஜ்ரி மரம் வேறொன்றுமல்ல, நம் வன்னி மரம்தான். இலை ஆட்டுக்கு, காய் மனிதருக்கு. 1730-இல் ஜோத்பூர் மன்னனின் ஆட்கள் கேஜர்லி கிராமத்தில் இந்த மரத்தை வெட்ட வந்தபோது அமிர்தா தேவி என்ற பெண் மரத்தைக் கட்டிக்கொண்டு உயிர் விட்டார். அவரைத் தொடர்ந்து ஆக 363 பிஷ்ணோய்கள் மடிந்தார்கள். அண்மை ஆண்டுகளில் சூரிய மின் நிலையங்களுக்காகக் கேஜ்ரி வெட்டப்படுவதை எதிர்த்துப் பிகானேர்ப் பக்கம் அதே மக்கள் மறுபடி உட்கார்ந்தார்கள்.

இவ்வளவு பழைய ஓரண் எப்படி கைமாறுகிறது? எழுத்தர் வேலை தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். வருவாய்த்துறை ஏட்டில் பல ஓரண்கள் ஓரண் என்றே பதிவாகவில்லை. "தரிசு, சர்க்கார் நிலம்" என்று பதிவாகியிருக்கின்றன. ஊரார் நானூறு ஆண்டாக அறிந்த நிலம், ஏட்டைத் திறந்தால் யாருக்கும் வேண்டாத நிலம். யாருக்கும் வேண்டாத நிலத்தைக் கம்பெனிக்குக் குத்தகைக்குக் கொடுப்பதற்கு யாரைக் கேட்க வேண்டும்? ஜெய்சல்மேரில் தேக்ராய் ஓரணைச் சுற்றியுள்ள ஊரார், ஆண்களும் பெண்களுமாக, எல்லையை நடந்து காட்டி, "இது எங்கள் ஓரண், ஏட்டில் எழுதுங்கள்" என்று கேட்டார்கள். கொடி பிடித்து மண் கேட்டவர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஏட்டில் ஒரு வரி கேட்டு நடந்தவர்கள் இவர்கள்.

2024 டிசம்பர் 18-இல் உச்சநீதிமன்றம், இராஜஸ்தானத்தின் ஓரண்கள் போன்ற புனிதக் காடுகளை நேரில் அளந்தும் செயற்கைக்கோள் படத்தாலும் அடையாளம் கண்டு காடு என்று பதிவு செய்ய உத்தரவிட்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் ஊராருக்கு உடனே இன்னொரு பயம். "காடு" என்று எழுதினால் வனத்துறை வந்து நின்று, ஆட்டை உள்ளே விடாதே, விறகு பொறுக்காதே என்று சொல்லுமோ? நியாயமான பயம். ஏட்டில் ஏறுவது மட்டும் போதாது, தோழர்களே. எந்தப் பெயரில் ஏறுகிறது, யாருடைய உரிமையோடு ஏறுகிறது என்பதும் பார்க்க வேண்டும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி ஊர் சபையின் கூட்டு உரிமையாக அது ஏற வேண்டும் என்று கேட்பவர்கள் அதனால்தான் கேட்கிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது

இப்போது நம் பக்கம் திரும்புவோம். தில்லி ஜங்புராவில் மதராசி கேம்ப் என்று ஓர் இடம் இருந்தது. நம் மக்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்த இடம். வீட்டு வேலை செய்தும் இட்லி தோசை விற்றும் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பிய இடம். 2025 ஜூன் 1-ஆம் தேதி, கால்வாய் ஓரத்து ஆக்கிரமிப்பு என்று நீதிமன்ற உத்தரவின்படி இடித்துவிட்டார்கள். ஒரு பகுதியினருக்குத் தூரத்து நரேலாவில் மாற்று வீடு; மற்றவர்களைத் தகுதியில்லாதவர்கள் என்றார்கள். தகுதி என்றால் என்ன? வேர்வையா? இல்லை. குறிப்பிட்ட தேதிக்கு முன் வாக்காளர் பட்டியலில் பெயர், குறிப்பிட்ட ரேஷன் அட்டை, குறிப்பிட்ட தாள். அமர் சாகரில் பீல் குடும்பத்துக்கு நேர்ந்ததும், தேக்ராயில் ஓரணுக்கு நேர்ந்ததும், ஜங்புராவில் நமக்கு நேர்ந்ததும் ஒன்றே. வாழ்வு இருந்தது, ஏட்டில் இல்லை.

ஆகவே சங்கத்தின் சார்பில் மூன்று வேலைகளை உங்கள் முன் வைக்கிறோம்.

ஒன்று. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கோப்பு. ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, பழைய மின் ரசீது, பள்ளிச் சேர்க்கைச் சீட்டு, தடுப்பூசி அட்டை, எதுவாக இருந்தாலும் தேதி உள்ள தாளை எறியாதீர்கள். நகல் எடுத்துச் சங்கத்திலும் ஒன்று வையுங்கள். தெருவின் வரைபடம் ஒன்றை, வீட்டுக்கு வீடு, ஆண்டு விவரத்தோடு நாமே எழுதிக் கையெழுத்திட்டு வைப்போம். ஊரார் ஓரண் எல்லையை நடந்து காட்டியது போல நம் எல்லையை நாமே நடந்து எழுதுவோம். இதில் தாய்மார்கள் முன்னால் நிற்க வேண்டும். எந்த வீட்டில் யார் எப்போது வந்தார் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இரண்டு. பாலைவன வேலைக்குப் போகும் பிள்ளைகளைத் தடுக்க மாட்டோம், வயிறு இருக்கிறது. ஆனால் பெயர் பதியாமல் யாரும் இரயில் ஏறக்கூடாது. 1979-ஆம் ஆண்டின் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம், 2025 நவம்பர் 21 முதல் புதிய தொகுப்புச் சட்டத்துக்குள் கரைக்கப்பட்டுவிட்டது. முன்பு ஐந்து வெளிமாநில ஆள் இருந்தாலே சட்டம் பொருந்தும். இப்போது பத்து வேண்டும். முன்பு இருந்த இடப்பெயர்வுப் படி போயிற்று; ஊர் போய்வரப் பயணப்படி மட்டும் நிற்கிறது. ஆகவே ஒப்பந்தக்காரரிடம் நியமனத் தாள், கூலி விவரம், பயணப்படி, வருங்கால வைப்பு நிதி எண், ஈ.எஸ்.ஐ. இவற்றைக் கேளுங்கள். வாய்ச் சொல்லை நம்பி மணலில் போய் நிற்காதீர்கள். போகும் ஒவ்வொருவரின் பெயரும், ஒப்பந்தக்காரர் பெயரும், ஊர் முகவரியும் சங்கப் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

மூன்று. அங்கே போகும் தோழனுக்கு ஒரு வார்த்தை. வேலி போடச் சொன்னால், அதற்கு வெளியே ஆட்டோடு நிற்கும் கிழவரைப் பார். அவர் உன் எதிரி அல்லர். "வெளி ஆள் வந்து நம் நிலத்தை வளைக்கிறான்" என்று அவரிடம் உன்னைக் காட்டுவார்கள். "இந்த ஊர்க்காரன் வேலையைக் கெடுக்கிறான்" என்று உன்னிடம் அவரைக் காட்டுவார்கள். பம்பாயில் நம்மை அப்படித்தான் காட்டினார்கள். வேலி போடுகிற கூலிக்கும் வேலிக்கு வெளியே நிற்கும் மேய்ப்பனுக்கும் நடுவில் பகை மூட்டினால் இலாபம் மூன்றாமவனுக்கு. அந்த ஊராரின் பேச்சைக் கேள். அவர்கள் கூட்டம் போட்டால் போய் உட்கார். உனக்குக் கூலி பாக்கி நின்றால் உன் பக்கம் வந்து நிற்கக்கூடியவர்களும் அவர்கள்தான்.

முன்னேற்றத்துக்கு நாம் எதிரிகள் அல்லர். கால்வாயை வெட்டியவனும் குழாயைப் பற்றவைத்தவனும் தண்டவாளத்தைப் போட்டவனும் தொழிலாளிதான். நாம் கேட்பது ஒன்றே. திட்டம் எழுதும்போது அங்கே ஏற்கெனவே இருப்பவனைக் கேட்டு எழுது. அவன் பெயரையும் எழுது. வெற்று நிலம் என்று ஒன்று இந்த நாட்டில் கிடையாது. கோப்பு வேலையை வரும் ஞாயிறு காலையில் முதல் தெருவிலிருந்தே தொடங்குவோம்.